நந்தனும் கிந்தனும்

"நாற்பது வேலி நிலத்தையும் நட்டு, அறுத்து, களம் சேர்த்துவிட்டுத் தில்லைக்குப் போ!" என்கிறார் ஆதனூர் வேதியர். நாற்பது வேலி! இன்றைய கணக்கில் ஏறத்தாழ 250 ஏக்கர். போகாதே என்று அவர் சொல்லவில்லை. போக முடியாதபடி சொன்னார். கைகட்டி, வாய் பொத்தி, எட்டி நின்று கேட்கிறான் நந்தன்.

கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வரும் காட்சி இது. சங்கீத மேதைகள் என்றதும் தியாகராசர், தீட்சிதர், சியாமா சாத்திரி என்று மூவர் பெயரை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்வோர் உண்டு. அம்மூவர் பாட்டு சபைகளை ஆண்டது. தெலுங்கிலும் வடமொழியிலும் பெரும்பாலும் ஆண்டது. தெருவை ஆண்டவர் யார்? திண்ணையில், திருவிழாவில், களத்து மேட்டில், கதை கேட்கக் கூடிய கூட்டத்தின் நெஞ்சில் நின்றவர் யார்? நாகை வட்டாரத்து நரிமணத்தில் பிறந்து, மாயூரம் பகுதியில் வாழ்ந்து, 1896-இல் மறைந்த இந்தத் துறவு மனத்துப் பிரமசாரிதான்.

புதுவைத் தோழர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று. இந்நூல் 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியதற்குத் துணை நின்றவர், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் பணியாற்றிய ஒரு பிரெஞ்சு அதிகாரி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ, பாட்டில் இலக்கணப் பிழை மலிந்திருக்கிறது என்று சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். பலமுறை சென்று காத்துக் கிடந்தார் பாரதியார். ஒருநாள் காத்திருந்த நேரத்தில் அவர் தம்மை மறந்து பாடியதைக் கேட்டு உருகிய பின்பே பாயிரம் பிறந்தது என்று உ.வே.சாமிநாதையர் எழுதுகிறார். இலக்கணம் தயங்கியது, இசை வென்றது!

ஆனால் இசைக்காக மட்டும் இந்நூலை நாம் எடுத்துப் பேசவில்லை. பாரதியார் செய்த பெரிய காரியம் வேறு. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த வேதியரைத் தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டார். அங்கே நந்தனுக்கும் தில்லைக்கும் இடையே நிற்பது அவன் பிறப்பைப் பற்றிய அவனது அச்சமே. தன்னைத் தடுத்தவன் எவன் என்று காட்டாத கதை அது. பாரதியாரோ, கண்ணுக்குத் தெரியாத தடைக்கு ஒரு முகம் கொடுத்தார், நிலம் கொடுத்தார், சொல் கொடுத்தார். தீண்டாமை என்பது காற்றில் மிதப்பதன்று, வேலிக் கணக்கில் அளக்கப்படும் நிலத்தில் வேரோடியது என்று, அறிந்தோ அறியாமலோ, பாடிக் காட்டிவிட்டார். அதுவும் பார்ப்பனக் குலத்தில் பிறந்த ஒருவர், பார்ப்பனப் பண்ணையாரை அவையில் நிறுத்திக் காட்டினார். இதை மறைப்பது நேர்மையாகாது.

விளைவு என்ன? தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் இக்கதையைக் காலட்சேபமாக நடத்திப் புகழ் பெற்றார். சுப்பிரமணிய பாரதி, கலெக்டர் விஞ்சுக்கும் வ.உ.சிதம்பரனாருக்கும் நடக்கும் வாதத்தைப் பாட்டாக்கியபோது நந்தனார் சரித்திர மெட்டையே எடுத்தார். ஆண்டை இருந்த இடத்தில் வெள்ளையன். அடிமை இருந்த இடத்தில் நாடு! 1935-இல் பக்த நந்தனார் படத்தில் கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடம் பூண்டு நந்தனாகப் பாடினார்; மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியரானார். 1942-இல் ஜெமினியின் நந்தனாரில் தண்டபாணி தேசிகர் பாடினார். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய நாளில், "தமிழில் கீர்த்தனை உண்டோ?" என்று கேட்டவர்க்கு விடையாக முத்துத்தாண்டவரோடும் அருணாசலக் கவிராயரோடும் இவர் பெயரும் ஒலித்தது. ஒரு பாட்டாசிரியனுக்கு இதைவிட நீண்ட வாழ்வு ஏது?

அந்த நீண்ட வாழ்வினால்தான் நீண்ட கேள்வியும் எழுகிறது. கதையின் முடிவை எண்ணுங்கள். நாற்பது வேலியையும் பூதகணங்கள் ஓர் இரவில் விளைவித்துவிடுகின்றன. உழைத்தவன் கை கேட்ட கூலி கேள்வியாகவே நிற்க, வேதியர் களத்தில் நெல் குவிகிறது! வியந்த வேதியர் நந்தன் காலில் விழுகிறார், நிலத்தை விட்டாரா? தில்லைக்குப் போன நந்தன் தீயில் இறங்குகிறான். பூணூல் புரளும் முனிவனாக எழுகிறான். பிறகே கோயில் திறக்கிறது. அதாவது, நந்தன் நந்தனாக உள்ளே போகவில்லை. கதவு மாறவில்லை, காவலர் மாறவில்லை, நுழைந்தவன் மாற்றப்பட்டான். தீட்டு என்பது உண்மை, தீயினால் அது தீரும் என்பதல்லவா இதன் பொருள்?

"அவர் காலம் அது, அவ்வளவுதான் பாட முடியும்" என்பர் சிலர். இருக்கட்டும். பாடியவர் காலம் போய்விட்டது. கேட்பவர் காலம் போகவில்லையே! இசையின் ஆற்றலே இங்கு ஆபத்தாகிறது. உரைநடையில் சொன்னால் உறுத்தும் கொடுமை, உருக்கமான இராகத்தில் கண்ணீராகிக் கரைந்துவிடுகிறது. அழுதவன் ஆறுதலோடு வீடு திரும்புகிறான். சேரி அங்கேயே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவன் நந்தன் என்கிறது பெரியபுராணம். அவன் தந்த தோல் உள்ளே முழங்கிற்று. அவன் வெளியே நின்றான். மிருதங்கம் செய்வோர் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-இல் ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தக் கதை முடியவில்லை என்றுதானே பொருள்?

இதற்கு மறுமொழி இசையிலேயே வந்தது. 1949-இல் வெளிவந்த நல்லதம்பி படத்தின் கதை அறிஞர் அண்ணாவுடையது. அதில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் காலட்சேபம் நடத்துகிறார், பெயர் கிந்தனார்! அதே பாகவதர் கோலம், அதே கதையும் பாட்டும் கலந்த நடை; பாட்டு உடுமலை நாராயணகவியுடையது. கிந்தன் தில்லைக்கு ஏங்கவில்லை, படிப்புக்கு ஏங்குகிறான். பூதகணம் வரவில்லை, புகைவண்டி வருகிறது. தீயில் குளிக்கவில்லை, பள்ளியில் பயில்கிறான். கல்வி அதிகாரியாகி ஊருக்குத் திரும்புகிறான். சாரத்தில் என் மாணவர்களுக்கு இரண்டு கதைகளையும் சொன்னபோது, "நந்தனை ஏன் யாரும் பள்ளியில் சேர்க்கவில்லை?" என்று கேட்டான் ஒரு சிறுவன். விமரிசகர் பலர் கேட்கத் தவறிய கேள்வி!

ஆயினும் கிந்தனைக் கொண்டாடி நாம் மார்தட்டிக்கொள்ள முடியுமா? 1968 டிசம்பர் 25 இரவு, பாரதியார் பிறந்த அதே நாகை வட்டாரத்தில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவர் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெண்கள், பிள்ளைகள்! அந்தத் தீயிலிருந்து எவரும் முனிவராக எழவில்லை. குற்றம் சாட்டப்பட்ட பண்ணையாரை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அன்று நாட்டை ஆண்டது அண்ணாவின் அரசு. கிந்தனை அரங்கேற்றிய இயக்கம், நந்தனின் களத்து மேட்டைக் கவனிக்கத் தாமதித்தது என்ற உண்மையை நாமே சொல்லாவிடில் வேறு யார் சொல்வார்? படிப்பு வேண்டும், அதனோடு நிலமும் நீதியும் வேண்டும்.

இந்திரா பார்த்தசாரதி, நந்தன் கதை நாடகத்தில், தீக்குளிப்பை அற்புதமாக அல்ல, மேற்சாதியார் செய்த சூழ்ச்சியாகவே காட்டினார். அதுவும் பாரதியாரின் செல்வாக்கே. மறுப்பவரும் அவர் வகுத்த களத்தில் நின்றே மறுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தோழர்களே, பாட்டைக் கொளுத்தாதீர்கள். பாடுங்கள், நந்தன் கூனிக் குறுகி விடை கேட்கும் பாட்டைக் குரல் நடுங்கப் பாடுங்கள். ஆனால் தீ மூட்டும் இடம் வந்ததும் தாளத்தை நிறுத்தி, அவையோரைப் பார்த்துக் கேளுங்கள்: "விறகு அடுக்கியவர் யார்?"