ரிஸால் எழுதாத நடனம்

பிலிப்பைன்ஸ் தேசத்து ஹோஸே ரிஸால் ஸ்பானிஷ் மொழியில் எழுதி 1887-ல் வெளியிட்ட 'நோலி மே தாங்ஹெரே' நாவலில் ஒரு நடனம் வருகிறது. கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தையில்லாத தோன்யா பியா, ஊர் ஊராகப் போய்ப் பிரார்த்தனை செய்து பார்க்கிறாள். பலிக்கவில்லை. கடைசியில் தாமஸோ என்ற பாதிரியார் ஒபாந்தோவுக்குப் போய் ஆடும்படி யோசனை சொல்கிறார். ஆடுகிறாள். மரியா கிளாரா பிறக்கிறாள், தாய் இறந்துபோகிறாள். குழந்தையின் தகப்பன் அந்தப் பாதிரியார்தான் என்பது கதை முடியும் தறுவாயில்தான் நமக்குத் தெரிகிறது.

குருமார்களின் வேஷத்தைக் கலைக்க இதைவிடக் கூரான பரிகாசம் வேண்டியதில்லை. இருந்தாலும் நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த ஆட்டத்தை ரிஸால் நமக்குக் காட்டவே இல்லை. ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஒபாந்தோ, மணிலாவுக்கு வடக்கே புலக்கான் மாகாணத்தில் இருக்கிறது. மே 17, 18, 19 மூன்று நாளும் அங்கே திருவிழா. சான் பாஸ்குவால், சாந்தா கிளாரா, சலம்பாவ் மாதா மூவரையும் தெருவழியே எடுத்து வருவார்கள். சலம்பாவ் என்பது மீன்பிடி வலை; 1763-ல் செம்படவர் வலையில் அந்த மாதா கிடைத்தாள் என்பது ஐதீகம். மே மாத வெயிலில், துணை வேண்டுகிறவர்களும் பிள்ளை வேண்டுகிறவர்களும் வாத்தியத்துக்கு அடி வைத்து ஆடிக்கொண்டே ஊர்வலத்தோடு போவார்கள். ஸ்பானியர் வருமுன்பே இருந்த சடங்கின் மேல் மாதா கோவில் தன் புனிதர்களை ஏற்றி வைத்தது என்று சொல்வதுண்டு. உலக யுத்தத்துக்குப் பிறகு நின்றுபோன ஆட்டம் 1972-ல் மறுபடி தெருவுக்கு வந்துவிட்டது. வெறும் ஏமாற்று வித்தை இத்தனை காலம் தாங்குமா?

மலடி என்ற பேச்சை வீட்டுக்குள் வைத்து அழுத பெண், ஊர் பார்க்க நடுத்தெருவில் கையை உயர்த்தி அதைச் சொல்லிக்கொள்ள அனுமதி பெறுகிறாள். அந்தச் சடங்கின் அர்த்தம் எனக்கு இப்படித்தான் படுகிறது. தோன்யா பியாவுக்கு அந்த அனுமதி கிடைத்ததா, அல்லது ஆடும்போதே பாதிரியாரின் நிழல் அவள்மேல் விழுந்திருந்ததா? வயிற்றிலிருந்த குழந்தையைச் சபித்து அவள் எழுதிய கடிதங்களைப் பற்றி, வளர்ந்துவிட்ட அந்த மகளே பிற்பாடு சொல்கிறாள். கடிதத்தை மட்டும் நாம் படிக்க முடிவதில்லை.

பின்னால் வந்த நிக் வாக்கீன், 'தி சம்மர் ஸால்ஸ்டிஸ்' சிறுகதையில் வேறொரு பெண்கள் சடங்கை எடுத்துக்கொண்டார். கௌரவமான ஒரு குடும்பத்துப் பெண்ணை அந்தக் கூட்டத்துக்குள்ளேயே விட்டார். அன்றிரவு அவள் புருஷன் தரையில் ஊர்ந்து வந்து அவள் பாதத்தை முத்தமிடுகிறான். வாக்கீன் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்தான். ஆனால் அவருடைய கதையில் ஆடிய பெண் வீடு திரும்புகிறாள், பேசுகிறாள்.