'லயன்' தாண்டிப் போன 20 வருடங்கள்

கார்த் டேவிஸ் இயக்கி 2016-இல் வந்த 'லயன்' படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, சின்னப் பையனாக நடித்த சன்னி பவார். இன்னொன்று, கூகுள் எர்த்தை வைத்தே சொந்த ஊரைக் கண்டுபிடித்த அதிசயம். இரண்டும் சரிதான். எனக்கு உறுத்துவது நடுவில் வரும் ஒரு வெட்டு. ஹிந்தி மட்டுமே தெரிந்த பையன் ஆஸ்திரேலியாவில் போய் இறங்குகிறான். கொஞ்ச நேரத்தில் படம் 20 வருடம் தாண்டிக் குதிக்கிறது. இப்போது அவன் தேவ் படேல், ஆஸ்திரேலிய ஆங்கிலம் பேசுகிறான், ஹிந்தி சுத்தமாகத் தெரியாது. நடுவில் என்ன ஆச்சு?

படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். சரூ மத்தியப் பிரதேசத்தில் கண்ட்வா ஊரின் கணேஷ் தலாய் பகுதிப் பையன். 1986-இல், சுமார் 5 வயதில், அண்ணன் குட்டுவோடு புர்ஹான்பூர் ஸ்டேஷனுக்குப் போகிறான். காலியாக நின்ற ரயிலில் ஏறித் தூங்கிவிடுகிறான். ரயில் அவனைக் கொல்கத்தாவில் கொண்டுபோய் விடுகிறது. சில வாரம் தெரு, பிறகு காப்பகம், பிறகு தத்து. 1987-இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் சூ, ஜான் பிரையர்லி தம்பதியின் மகனாகிறான். 2011-இல் ஊரைக் கண்டுபிடித்து 2012-இல் பெற்ற தாயைச் சந்திக்கிறார். 2013-இல் 'எ லாங் வே ஹோம்' என்று நினைவுக் குறிப்பும் எழுதினார். படம் அதிலிருந்து எடுத்ததுதான்.

படத்தின் முதல் பாதி மொழியை எவ்வளவு கவனமாகக் கையாள்கிறது என்று பாருங்கள். கொல்கத்தாவில் அந்தப் பையனைச் சுற்றி அத்தனை கூட்டம், ஆனால் எல்லோரும் பேசுவது வங்காளி. இவனுடைய ஹிந்தி யார் காதிலும் ஏறவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்கிறான், அப்படி ஒரு ஊர் யாருக்கும் தெரியாது. ஒரே நாட்டுக்குள்ளேயே மொழி தெரியாத குழந்தைக்கு என்ன கதி என்பதை வசனம் இல்லாமலே காட்டிவிடுகிறார்கள்.

அதே படம் ஹோபார்ட் வந்ததும் மொழியை மறந்துவிடுகிறது. குளியல் தொட்டிக் காட்சி ஒன்று இருக்கு. சூவாக வரும் நிக்கோல் கிட்மேன் பையனைக் குளிப்பாட்டிக்கொண்டே, ஒருநாள் நீ எல்லாவற்றையும் எனக்குச் சொல்வாய், நான் கேட்பேன் என்கிற பொருளில் பேசுகிறார். அவனுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் குரல் புரிகிறது, கை புரிகிறது. படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான். பிரச்சினையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

குழந்தையோடு பாசம் உண்டாவது வேறு, அந்தக் குழந்தையைத் தெரிந்துகொள்வது வேறு. பாசத்துக்குப் பொது மொழி தேவையில்லை. பசித்தால் சோறு, அழுதால் மடி, காலையில் கண் விழித்தால் நேற்றுப் பார்த்த அதே முகம். திரும்பத் திரும்ப இது நடந்தால் 'இவங்க போயிட மாட்டாங்க' என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும். எல்லாக் குழந்தைக்கும் இது சீக்கிரம் நடந்துவிடாது. இரண்டாவதாகத் தத்தெடுத்த மந்தோஷ் வீட்டுக்கு வந்ததும் படும் பாட்டைப் படமே காட்டுகிறது. ஆனால் சரூ விஷயத்தில் நடந்தது. அதைப் படம் நம்பும்படி சொல்லியும்விட்டது.

தெரிந்துகொள்வது அப்படியல்ல. உன் அம்மா பெயர் என்ன, வீட்டுப் பக்கத்தில் என்ன இருந்தது, அண்ணன் எங்கே போனான் என்று கேட்கவும் பதில் சொல்லவும் மொழி வேண்டும். அவன் கதை ஹிந்தியில் இருக்கு. கேட்கத் தயாராக இருப்பவருக்கு ஆங்கிலம்தான் தெரியும். அவன் ஆங்கிலம் கற்கும்வரை அவர் காத்திருக்கிறார். ஆனால் ஆங்கிலம் ஏற ஏற ஹிந்தி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பழைய சர்வரை அணைத்த பிறகு டேட்டாவை மாற்ற உட்கார்வது மாதிரி.

இது என் கற்பனை இல்லை. கிறிஸ்தோஃப் பாலியேவும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கொரியாவில் பிறந்து, 3 முதல் 8 வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போன 8 பேரைப் பெரியவர்களான பிறகு சோதித்தார்கள். பல மொழி வாக்கியங்களைக் கலந்து ஒலிக்கவிட்டு 'இதில் எது கொரிய மொழி?' என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. மூளை ஸ்கேனிலும் கொரிய மொழி அவர்களுக்கு வேறு எந்த அந்நிய மொழியையும் போலத்தான் இருந்தது. 8 வயதுக் குழந்தை என்றால் வாய் ஓயாமல் பேசும் வயசு. அதுவே போய்விடுகிறது.

அப்போ முழுசா அழிஞ்சுடுமா? அப்படியும் இல்லை. மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2014-இல் வேறொரு முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 1 வயதையொட்டிச் சீனாவிலிருந்து தத்துவந்து, பிரெஞ்சு மட்டுமே பேசும் சிறுமிகள். சீன மொழியின் தொனி வேறுபாடுகளைக் கேட்டபோது அவர்கள் மூளை, சீனம் பேசும் பிள்ளைகளின் மூளை போலவே வேலை செய்தது. நெதர்லாந்தில் வளர்ந்த கொரியத் தத்துப்பிள்ளைகளைப் பற்றி 2017-இல் வந்த ஆய்வும் இதே பக்கம்தான். பயிற்சி கொடுத்தபோது கொரிய மெய்யொலிகளை மற்ற டச்சுக்காரர்களைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். அடியில் ஒலியின் தடம் தங்கலாம். ஆனால் அந்த மொழியில் சேர்த்துவைத்த சொல்லும் சேதியும் கைக்கு எட்டாமல் போய்விடும். அம்மாவிடம் சொல்ல வேண்டிய கதை சேதியில்தானே இருக்கு?

சரூவின் கதையே இதற்குச் சாட்சி. அவர் நினைவில் சொல்லாக இருந்தவை எல்லாம் உருமாறியிருந்தன. புர்ஹான்பூர் 'பெராம்பூர்' மாதிரி ஏதோ ஒன்றாக இருந்தது. கணேஷ் தலாய் 'கினஸ்ட்லே' ஆகியிருந்தது. வரைபடத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? படமாகப் பதிந்தவைதான் பிழைத்தன: ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, பாலம், ஆறு. ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இவைதான்.

இந்த இடத்தில் புத்தகம் படத்தைவிட நேர்மையாக இருக்கிறது. பையன் வருவதற்கு முன்பே சூ அவன் அறைச் சுவரில் இந்திய வரைபடம் மாட்டியிருந்தார். அவன் கொஞ்சம் பேச ஆரம்பித்ததும், வீடு, ஆறு, பாலம், ஸ்டேஷன் எங்கே இருந்தன என்று கேட்டுத் தன் டைரியில் அவனோடு சேர்ந்து ஒரு வரைபடம் போட்டார். மொழி போதாத இடத்தில் ஒரு அம்மா கண்டுபிடித்த வழி அது. குளியல் தொட்டியில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் காட்சியாக அதைப் படத்தில் வைத்திருக்கலாம். அதற்குப் பதில் 20 வருடம் தாவினார்கள். பிறகு பெரியவர் சரூ தன் தேடலை அம்மாவிடம் மறைக்கிறார். படம் அதற்குக் குற்றவுணர்ச்சியைக் காரணமாகக் காட்டுகிறது. அதுவும் இருக்கலாம். ஆனால் அந்த மௌனத்துக்கு அடியில் இன்னொரு பழைய மௌனம் இருக்கு. சொல்ல ஆசை இருந்தும் மொழி இல்லாத 6 வயதின் மௌனம்.

இரண்டு மணி நேரப் படத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியுமா என்று கேட்கலாம். நியாயம்தான். முழு வரலாறும் வேண்டாம். ஒருநாள் காலையில் ஒரு ஹிந்தி வார்த்தை அவன் வாய்க்கு வராமல் போகிறதே, அந்த ஒரு நிமிஷம் போதும்.

அது இல்லாததால் கடைசிக் காட்சியும் பாதிதான் சொல்லப்படுகிறது. பெற்ற தாயும் மகனும் கட்டிக்கொள்கிறார்கள், பேச்சை இன்னொருவர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கு. 1987-இல் சூவுக்கும் அவனுக்கும் நடுவே இருந்த அதே சுவர், இப்போது இந்த அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவே. ஒரு அம்மாவோடு பேசக் கற்றதற்கு இன்னொரு அம்மாவோடு பேசும் மொழியைக் கொடுத்திருக்கிறான். யாரும் கேட்டு வாங்கவில்லை, தானாகப் போனது. படம் அதைக் கவனிக்காமல் வயலினை உயர்த்துகிறது.

முடிவில் வரும் எழுத்துகளில், அவர் பெயர் உண்மையில் 'ஷேரு', அதாவது சிங்கம், 5 வயது மழலையில் சரூ ஆகிவிட்டது என்று சொல்கிறார்கள். இதற்கு ஹோபார்ட் வீட்டைக் குறை சொல்ல முடியாது, கொல்கத்தாவிலேயே யாரும் திருத்தவில்லை. ஆனால் தன் பெயரின் அர்த்தம் தெரிய அந்த மனிதருக்கு 25 வருடம் ஆனது. அந்தப் பெயரைத்தான் படத்துக்கே தலைப்பாக வைத்திருக்கிறார்கள். வைத்தவர்கள் அந்த 25 வருடத்தை இன்னும் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம்.