குளத்தோரம் ஒரு சாம்பல் பெட்டி

அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில், நீச்சல் குளத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற மின்பெட்டி இருக்கும். குளத்தை ரசிப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. எனக்கு அதன் உள்வேலையைப் பார்ப்பதில்தான் ஆனந்தம்.

கைதேர்ந்தவர் கட்டிய பெட்டியில் ஒயர்கள் ஓரமாக வந்து, ஒரே அளவாக மடங்கி, தத்தம் இடத்தில் உட்காரும். கறுப்பும் சிவப்பும் 240 வோல்ட்டைக் கொண்டுவரும். வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். வீட்டின் மெயின் இணைப்பில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றுசேரும். இந்தத் துணைப் பெட்டியில் சேரவே கூடாது. சேர்ந்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்சாரம் எர்த் ஒயரிலும் பெட்டியின் தகரத்திலும் பங்கு போட்டு ஓடும். ஈரக் காலோடு மனிதர்கள் நடமாடும் இடம் அது. அதனால்தான் நியூட்ரல் பட்டையைத் தகரத்தில் படாமல் பிளாஸ்டிக் தாங்கியில் நிறுத்துகிறார்கள்.

இதைவிட அழகு மண்ணுக்குள் இருக்கிறது. உறையில்லாத 8 கேஜ் செம்புக் கம்பி ஒன்று குளத்தின் கான்கிரீட் கம்பிகள், உலோக ஏணி, பம்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் பிணைக்கிறது. மின்சாரத்தைப் பூமிக்கு அனுப்புவதல்ல அதன் வேலை. எல்லாவற்றையும் ஒரே மின்னழுத்தத்தில் வைப்பது. ஏணிக்கும் தரைக்கும் மின்னழுத்த வேறுபாடு இல்லையென்றால், இரண்டையும் தொடுபவர் உடம்பில் மின்சாரம் பாயாது.

பிறகு கான்கிரீட் மூடிவிடும். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு கிளாம்பையும் சரியாக இறுக்குகிறவரின் வேலையைக் கலை என்றே சொல்வேன்.