மைக் எங்கே நிற்கிறது?

கையில் கிட்டார் ப்ராசஸர் இருந்தால் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். டிஸ்டார்ஷன் நன்றாக ஏற்றிய ஒரு பேட்சை எடுத்து, அதில் ‘கேபினெட்’ பகுதியை மட்டும் அணைத்துவிட்டு, ஹெட்போனில் ஒரு பவர் கார்டு வாசியுங்கள். தகர டப்பாவுக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி சத்தம் வரும். காது கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. கேபினெட்டைத் திரும்பப் போட்டதும் அது கிட்டாராகிவிடும்.

எந்த ஆம்ப், எந்தப் பெடல் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ஒலியின் குணத்தில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிற இந்த ஸ்பீக்கர் பெட்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. கிட்டார் ஸ்பீக்கர் ஓரவஞ்சனை பிடித்தது. பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் எல்லா ஸ்தாயியையும் சமமாகத் தரப் பார்க்கும். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கரோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு மேடு ஏறி, 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரசரவென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் கிளப்புகிற கரகரப்பு அந்தச் சரிவில் விழுந்து காணாமல் போகிறது. செலெஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக், வின்டேஜ் 30 ஆகிய இரண்டு ஸ்பீக்கர்களையும் மாற்றி மாற்றிக் கேட்கும்போது உங்களுக்குத் தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த மேடு எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்பதுதான்.

ப்ராசஸர் இந்தப் பெட்டியை இரண்டு விதமாகத் தரும். ஒன்று இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். வாசிப்பவர்கள் வாயில் ஐ.ஆர். நிஜக் கேபினெட்டின் முன்னால் மைக்கை நிறுத்தி, கீழ் ஸ்தாயியிலிருந்து உச்சிவரை வழுக்கிக்கொண்டு ஏறும் ஓர் ஒலியை அதில் ஒலிக்கவிட்டுப் பதிவு செய்வார்கள். அனுப்பியதையும் பதிவானதையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரேயொரு நுண்ணிய ‘டக்’ ஒலிக்கு அந்தப் பெட்டி என்ன பதில் சொல்லும் என்பது ஒரு வேவ் கோப்பாகக் கிடைத்துவிடும். நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் 2,048 சாம்பிள் நீளமுள்ள கோப்பு 43 மில்லி விநாடிதான். ஸ்பீக்கர், மரப்பெட்டி, மைக், மைக் நின்ற இடம், ப்ரீஆம்ப் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அப்புறம் பிரித்தெடுக்க முடியாது.

மற்றது மாடல் செய்த கேபினெட். இது வெறும் ஃபில்டர்களாகத்தான் தொடங்கியது. டிஜிட்டலுக்கு முன்பே இதற்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு: பாஸ்டன் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் 1982-ல் கொண்டுவந்த ராக்மேன். இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாம், ஹெட்போனில் கேட்கலாம். பெட்டி செய்ய வேண்டிய வேலையை உள்ளே இருந்த சர்க்யூட்டே செய்தது. டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’ (1987) ஆல்பத்தின் கிட்டார்கள் பெரும்பாலும் அதன் வழியே பதிவானவை. அதையும், மார்ஷல் கேபினெட் முன் மைக் வைத்துப் பதிவான ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’ (1980) ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பின்னதில் ஒவ்வொரு கார்டிலும் காற்று தள்ளப்படுவது தெரியும். கை நின்றதும் பெட்டி அடங்குவதும் தெரியும். முன்னதில் கிட்டார் மெழுகி வழித்த மாதிரி, சதைப்பிடிப்பு இல்லாமல் இருக்கும். நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஒன்றன்மேல் ஒன்றாக அத்தனை கிட்டார்களையும் குரல்களையும் அடுக்க இடம் கிடைத்ததே அந்த ஒல்லி உடம்பால்தான்.

இன்றைய நிலவரம் வேறு. லைன் 6 நிறுவனம் தன் ஹீலிக்ஸ் ப்ராசஸர்களில் 2022-லும், ஃப்ராக்டல் நிறுவனம் 2023-லும் கொண்டுவந்த புதிய கேபினெட்டுகளில், திரையில் மைக்கை நகர்த்தினால் உள்ளே ஏராளமான ஐ.ஆர்-கள் ஒன்றுக்கொன்று கைமாறுகின்றன. ஆகவே ‘ஐ.ஆரா, மாடலா’ என்ற சண்டையில் பாதி அர்த்தமில்லாதது. ஒன்றில் மைக் ஓரிடத்தில் ஆணியடித்து நிற்கிறது, மற்றதில் நகர்கிறது. காதைப் பழக்க வேண்டியது அந்த நகர்வுக்குத்தான்.

அதற்கு வழி இருக்கிறது. ப்ராசஸரின் லூப்பரை வரிசையில் முதலாவதாக வைத்து, ஒரு சின்ன ரிஃப்பைப் பதிந்து சுழலவிடுங்கள். இனி கை மாறாது, பெட்டி மட்டும்தான் மாறும். ஒலி அளவையும் கவனமாகச் சமப்படுத்துங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதையே காது ‘நல்லது’ என்று நம்பிவிடும். இப்போது ஷ்யூர் எஸ்.எம். 57 மைக்கை ஸ்பீக்கரின் நடுக் குமிழுக்கு நேராக வையுங்கள். பிக் கம்பியில் உரசுவது ஊசிபோல் குத்தும். மெல்ல ஓரத்துக்கு இழுத்தால் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள்ளேயே குத்தல் மழுங்கி, நடு ஸ்தாயி தடிக்கும். அந்தச் சின்னத் தூரம் செய்கிற மாற்றம், பல சமயம் ஆம்பையே மாற்றுவதைவிடப் பெரிது. ஐ.ஆர் கோப்பு வைத்திருப்பவர்கள், குமிழ், குமிழின் விளிம்பு, கூம்பு என்று பெயரிட்ட கோப்புகளை வரிசையாகப் போட்டால் இதே பயணம்தான்.

அடுத்து, உள்ளங்கையால் அடக்கிக் கனத்த ஈ கம்பியை வாசியுங்கள். பின்புறம் மூடிய நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் ‘தும்’ என்று உருண்டு வரும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் போலப் பின்புறம் திறந்ததில் அடிக்கனம் குறைந்து, ஒலி காற்றோட்டமாகப் பரவும்.

லூப்பரை நிறுத்திவிட்டு, மெதுவாகவும் ஓங்கியும் வாசித்துப் பாருங்கள். ஒலியின் நிறம் மாறும். ஆனால் மாற்றுவது ஆம்ப் மாடல்தான். நீங்கள் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஐ.ஆர் ஒரே பதிலைத்தான் சொல்லும். நிஜ ஸ்பீக்கர் சத்தம் ஏற ஏறச் சுருள் சூடாகி, கூம்பு திணறி, உச்சங்களைக் கொஞ்சம் அமுக்கும். சில ப்ராசஸர்கள் இதைத் தனியாகச் சேர்க்கின்றன. கேட்டால் தெரியும், ஆனால் இதற்குக் கொடுக்கப்படுகிற விளம்பரம் அதிகம்.

‘ஐ.ஆரில் உயிர் இல்லை’ என்பவர்கள் பெரும்பாலும் தேடுவது வேறொன்றை. அறையில் பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும்போது கால்சட்டையில் மோதுகிற காற்று அது. ஐ.ஆர் தருவது பெட்டியின் முன்துணிக்கு ஓர் அங்குலம் முன்னால் இருக்கிற மைக் கேட்டதை. ரெக்கார்டில் நாம் மயங்கிய கிட்டார்களில் பெரும்பாலானவை அப்படி மைக் கேட்டவைதான். ஆகவே ஒப்பிடுவதானால் ரெக்கார்டோடு ஒப்பிடுங்கள்.

மாடல் கேபினெட் உள்ளவர்களுக்கு ஒரு தனி விருந்து இருக்கிறது. எஸ்.எம். 57 ஒன்று, ரிப்பன் மைக் ஒன்று என இரண்டை வைத்து, ஒன்றை மட்டும் மெதுவாகப் பின்னால் நகர்த்துங்கள். 5 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒலி 0.15 மில்லி விநாடி தாமதமாக வரும். 3,400 ஹெர்ட்ஸ் அருகே இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கிட்டார் நன்றாகப் பேசுகிற இடமே அதுதான். நகர்த்த நகர்த்த அந்தப் பள்ளம் ‘ஷூ’ என்று ஊர்ந்துபோவது கேட்கும்.

ஐ.ஆர் வாங்கினால் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தலையில் கட்டுவார்கள். ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக், மூன்று நிலைகள் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடிவையுங்கள். அந்த மூன்றையும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஓடுகிற பாட்டுக்குள் வைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். தனியாகக் கேட்டபோது ‘மெலிசாக இருக்கிறதே’ என்று தள்ளிய கோப்புதான் அங்கே பல நேரம் தேறுகிறது.