ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு: ‘வல்லவன்’ குறித்து ஒரு மதிப்பீடு

ஆண்டு முடிவில் அவ்வாண்டின் சிறந்த நாவல் எது, கவிதை நூல் எது என்று எடுத்துரைக்கும் வழக்கம் தமிழ் இதழ்களில் உண்டு. இசைத்தொகுப்பு அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. திரைப்பாடல் ஆய்வுக்குரிய பொருள் என்பது பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்டுவிட்டது. கண்ணதாசன் பாடல்களை ஆராய்ந்து பட்டம் பெற்றோர் பலர். ஆனால், திரைக்கு வெளியே தனிக்கலைஞர் தம் பொறுப்பில் மின்னிசைக் கருவிகளையும் கணினியையும் கொண்டு உருவாக்கும் தொகுப்புகளைப் பற்றித் தமிழ்த்துறையினராகிய நாம் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. 2006-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ் இசைத்தொகுப்பு எது என்று எவரேனும் வினவினால், கோலாலம்பூரில் பிறந்த ‘வல்லவன்’ என்றே நாம் விடையளிப்போம். அவ்விடைக்குரிய காரணங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘வல்லவன்’ யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் இணைந்த ‘யோகி பி & நட்சத்ரா’ குழுவின் தொகுப்பு. யோகி பி அதற்கு முன்னர் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் இருந்தவர். அக்குழுவின் 1998-ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனியம் ஆகிய நான்கு மொழிகளிலும் சொல்லிசை இடம்பெற்றது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அரைமணி நேரம் நின்றவர்க்கு இது வியப்பளிக்காது. எனினும், நான்கனுள் ஒன்றாகத் தமிழ் நிற்பது வேறு. ஒரு தொகுப்பு முழுவதையும் தாங்கி நிற்பது வேறு. எட்டாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றமே ‘வல்லவ’னின் முதற்சிறப்பு.

இத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்றது ‘மடை திறந்து’. 1980-இல் பாரதிராஜா இயக்கத்தில் வெளிவந்த ‘நிழல்கள்’ திரைப்படத்திற்காக வாலி எழுத, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது அது. பழம்பாடலின் மெட்டு பல்லவியாக மீண்டும் மீண்டும் வர, இடையிடையே புதிய சொல்லிசை அடிகள் நிரம்புகின்றன. இதனை ‘இரவல்’ என்று ஒதுக்குவோர் உளர். தொல்காப்பிய மரபியல் முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலுள் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வகை கூறியிருப்பதைக் கற்பிக்கும் நாம் அவ்வளவு விரைவில் தீர்ப்பளித்தல் தகாது. வழிநூல் என்பதனாலேயே ஒரு நூல் சிறப்பதுமில்லை, தாழ்வதுமில்லை. அது எதனை விரிக்கிறது என்பதே வினா. ‘நிழல்க’ளில் அப்பாடல், வாய்ப்புத் தேடி அலையும் இசைக்கலைஞன் ஒருவனின் கனவாக அமைந்தது. தமிழகத் திரையிசையின் நிழலில் தமக்கென ஓரிடம் தேடிய மலேசிய இளைஞர் அந்தக் கனவையே தேர்ந்தெடுத்தது தற்செயலாகத் தோன்றவில்லை. பின்னர்த் தமிழகத் தொலைக்காட்சிகளில் அப்பாடல் வலம் வந்ததும், 2007-இல் ‘பொல்லாதவன்’ திரைப்படத்தில் யோகி பி குரல் ஒலித்ததும் அக்கனவின் தொடர்ச்சி எனலாம்.

தொகுப்பின் பெயரே தற்புகழ்ச்சி அன்றோ என்று ஆசிரியர் சிலர் கூறக் கேட்டுள்ளோம். தன்னை உயர்த்திப் பாடுதல் அமெரிக்கச் சொல்லிசையின் மரபு என்பது உண்மையே. ஆனால், புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்களை நன்னூல் பாயிரமும் வரையறுத்துள்ளது. தன் ஆற்றலை உணராதாரிடையே நிற்கும்போது என்பது அவற்றுள் ஒன்று. எதிர்த்தரப்பினர் பழிக்கும்போது என்பது மற்றொன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இளைஞர்க்கு இவ்விரண்டு சூழலும் புதியன அல்ல.

யாப்பு நோக்கில் இத்தொகுப்பு எழுப்பும் சிக்கல் நம்மை மிகவும் ஈர்ப்பது. ஆங்கிலச் சொல்லிசை அடியிறுதி ஒலியொப்புமையைப் பெரிதும் சார்ந்தது. தமிழிலோ வினைமுற்று தொடரின் இறுதியில் நிற்பதால், ‘வந்தேன், நின்றேன், வென்றேன்’ என்று விகுதியாலேயே இயைபு தானே அமைந்துவிடும். எளிதில் கிடைப்பது எளிதில் சலிக்கும். ஆகவே, தமிழில் சொல்லிசை செய்வோனின் திறம் அடியிறுதியில் இல்லை. மோனையிலும் எதுகையிலும் அடிக்குள் ஓடும் சந்தத்திலுமே வெளிப்படும். மற்றொரு தடையும் உண்டு. ஆங்கிலம் அழுத்தத்தால் தாளத்தைத் தாங்கும் மொழி. தமிழில் குறில் நெடில் வேறுபாடே பொருளை வேறுபடுத்துகிறது. தாளத்திற்காகக் குறிலை நீட்டினால் ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும். இத்தடையை ‘வல்லவன்’ குழுவினர் பெரும்பாலும் வல்லின ஒற்றுகளைத் தாளக்கட்டில் இருத்திக் கடக்கின்றனர். செய்யுளியல் கூறும் இருபது வண்ணங்களுள் உருட்டு வண்ணமும் முடுகு வண்ணமும் இங்கு நினைவிற்கு வருகின்றன. இதனைக் கொண்டு அருணகிரிநாதரே முதல் சொல்லிசைக் கலைஞர் என்று மேடையில் முழங்குவது கைத்தட்டலுக்கு உதவலாம், ஆய்வுக்கு உதவாது.

குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலச் சொற்கள் கலப்பதை நாம் குறையாகக் கருதவில்லை. இங்குள்ள பேச்சே அவ்வாறுதான் உள்ளது. தமிழ்ச்சொல் தேடும் உழைப்பைத் தவிர்ப்பதற்காக ஆங்கிலத் தொடர் வந்து அடியை நிரப்பும் இடங்களே நெருடுகின்றன. பல்லவியின் இனிமை சொல்லிசையை விழுங்கிவிடும் இடங்களும் உண்டு. இளையராஜாவின் மெட்டோடு போட்டியிடுவது எவர்க்கும் கடினமே.

இவ்விடத்தில் ‘காலா’ என்னும் தொகுப்பையும் எண்ணிப் பார்க்கலாம். இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மீண்டும் இலண்டன் சென்ற மாயா அருள்பிரகாசம், ‘எம்.ஐ.ஏ.’ என்னும் பெயரில் 2007-இல் வெளியிட்டது அது. தாயாரின் பெயரைத் தாங்கியது. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அதனை அவ்வாண்டின் தலைசிறந்த தொகுப்பாகத் தேர்ந்தது. தமிழகத்து உருமி மேளமும் இளையராஜாவின் ‘தளபதி’ப் பாடல் ஒன்றின் கூறும் அதன் மின்னிசையில் கலந்துள்ளன. தைப்பூசத்தில் பத்துமலையில் காவடியோடு வரும் உருமி ஓசையை இரைச்சல் என்று முகம் சுளிக்கும் நம்மவர் இதனைக் கருதவேண்டும். ஆயினும், எம்.ஐ.ஏ. பாடியது ஆங்கிலத்தில், அங்கே தமிழ் ஒலியாக மட்டுமே உள்ளது. ‘வல்லவ’னில் அது சொல்லாகவும் உள்ளது. நம் தேர்வுக்கு இதுவே அடிப்படை.

2021-இல் அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ இலங்கைத் தேயிலைத் தோட்ட நினைவை உலகெங்கும் கொண்டு சென்றது. அது தொகுப்பாக அன்றித் தனிப்பாடலாகவே வந்தது. தொகுப்பு என்னும் வடிவம் தேய்ந்துவருகிறது. குறுந்தட்டுகளும் கைவிட்டுப் போகின்றன. மலேசியாவின் 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் ஒலிப்பதிவுகளையும் உள்ளடக்கியது. ஆனால், நண்பர் வட்டத்திலும் கடைத்தெருவிலும் விற்ற தட்டுகளைச் சட்டம் மட்டுமே தேடித் தந்துவிடாது. பாடல் வரிகள் பெரும்பாலும் உரோமன் எழுத்திலேயே உலவுவதால் லகர ளகர ழகர வேறுபாடும் குறில் நெடிலும் மறைந்து போகின்றன. பாடியவரைக் கேட்டுத் தமிழ் எழுத்தில் பதிப்பிக்கும் பணியை அவர்கள் நம்மிடையே உள்ளபோதே மாணவரைக் கொண்டு தொடங்கலாம். பட்டியலிடுவோர் ஒன்றை மறவாதிருத்தல் நன்று: அதே 2006-இல் சிலம்பரசன் நடித்த ‘வல்லவன்’ திரைப்படமும், அதற்கு யுவன் சங்கர் ராஜா அமைத்த பாடல்களும் வெளிவந்தன. பெயரும் ஆண்டும் மட்டும் குறித்தால், தேடுவோர் கைக்குக் கிட்டுவது அதுவே.