பள்ளியும் பல்லியும்

சிங்கப்பூர்த் தேக்காவில் கடைப்பலகைகள் பலவற்றில் தமிழ் எழுத்து விளங்குகிறது. அப்பலகைகளின் கீழ் நின்று, புதிய திரைப்பாடலையும் அன்றைய செய்தியையும் கைபேசியில் பகிரும் இளைஞர் பலரோ தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர்.

முன்னாளில் இதற்குக் கருவியைக் காரணம் காட்டலாம். அக்குறையைத் தீர்க்க உழைத்தவருள் ஒருவர், சிறுகதையாசிரியரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி (1946–1999). 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருள் அவர் ஆக்கம். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையம் ஏறியபோது, தமிழ்க் கவிதை தன் எழுத்திலேயே ஏறியது. கணிப்பொறிக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தவர் ஓர் ஆசிரியர் என்பது எண்ணத்தக்கது.

இன்று கைபேசியிலேயே தமிழ் விசைப்பலகை உண்டு; ஆங்கில விசைகளைத் தட்டித் தமிழ் எழுத்தைப் பெறும் வழியும் உண்டு. எஞ்சியிருப்பது பழக்கமே.

எழுத்து உடைதானே, எவ்வுடையாயின் என்ன என்பர் சிலர். அவ்வுடையில் பள்ளியும் பல்லியும் ஒன்றாகின்றன. கலையும் களையும் வேறுபாடு இழக்கின்றன. லகர ளகரங்களைக் கண்ணால் காணாத மாணவன் நாவாலும் அவற்றை இழப்பான்.

ஆயினும் இளைஞரைக் கடிவது பயன் தராது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேரே. கடிந்தால் அவர்கள் எழுத்தை மாற்றார், மொழியையே மாற்றிவிடுவர். தமிழில் உரையாட விழைகின்றனரே, அவ்விருப்பமே முதற்பொருள். அவர்கள் அனுப்பிய செய்தி ஒன்றையே வகுப்பில் தமிழ் எழுத்தில் தட்டச் செய்யலாம். பள்ளி எது, பல்லி எது என்று கைபேசியே காட்டிவிடும்.