நச்செழுத்தும் தேசிய கீதமும்

பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கையின் சுதந்திர தினம். கொடியேற்றம், தேசிய கீதம், மௌன அஞ்சலி, படையணி வகுப்பு, தலைவர்களின் உரை என்ற முறையில் அவ்விழா ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. இவற்றுள் இலக்கியத்தின் பாற்படுவது கீதம் ஒன்றே. ஆதலின் இலக்கியத் திறனாய்வு அதனை எடுத்து ஆராய்தல் தகும். பாட்டின் கதையைத் தொடர்ந்து சென்றால் விழாவின் கதையும் நமக்கு விளங்கிவிடும்.

1936இல் சாந்திநிகேதனுக்குச் சென்று பயின்ற ஆனந்த சமரக்கோன், காலி மகிந்த கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது 1940இல் 'நமோ நமோ மாதா'வை இயற்றினார். மாணவர் பாடுவதற்கென எழுந்த பாட்டு அது. நாட்டைத் தாயாகப் போற்றும் மரபு வங்கத்தில் பங்கிம் சந்திரராலும் தமிழில் பாரதியாலும் முன்னரே நிலைபெற்றிருந்தமையால், அதன் பொருள் தமிழ்ச் செவிக்கும் அந்நியமானதன்று. 1949 பெப்ரவரி 4ஆம் நாள், இன்று சுதந்திர சதுக்கம் எனப்படும் திடலில் நடந்த விழாவில், அப்பாட்டு சிங்களத்திலும் தமிழிலும் பாடப்பட்டது. தமிழ் வடிவம் முதுதமிழ்ப் புலவர் மு. நல்லதம்பி ஆக்கியது. 1951 நவம்பர் 22இல் அது முறைப்படி தேசிய கீதமாக ஏற்கப்பட்டது.

தமிழ் வடிவத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு என்று கூறுதல் பொருந்தாது. சிங்கள மெட்டு மாறாமல், அதன்மேல் தமிழ்ச் சொற்கள் இயல்பாக அமரும்படி புலவர் அதனை யாத்துள்ளார். இது எளிய பணியன்று. எனினும் பாட்டின் பெரும்பகுதி காப்பியங்களின் நாட்டுப் படலத்தை நினைவூட்டுகின்றது. வயலும் நதியும் மலையும் சோலையும் வருகின்றன. வயலில் உழுபவனும் மலையில் கொழுந்து பறிப்பவளும் வரவில்லை. பாட்டின் உயிர்நிலை இறுதியில் உள்ளது. ஒரு தாயின் மக்களாகிய நாம் வேற்றுமை நீங்கி வாழ்வோம் என்பதே ஆங்கு எழும் குரல். அக்குரலை வைத்தே இப்பாட்டையும் இவ்விழாவையும் நாம் எடைபோட வேண்டும்.

அக்குரல் யாழ்ப்பாணத்துக்குப் புதியதுமன்று. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிநடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், முழுச் சுயராச்சியம் கேட்டு 1931ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளிலும் அன்று தேர்தல் நடைபெறவில்லை. தமக்கென்று தனிச் சலுகை கோராது, நாடு முழுவதற்கும் விடுதலை கேட்ட இளைஞர்கள் அவர்கள். சுதந்திர தின மேடைகளில் இவ்வரலாறு பேசப்படுவது அரிது.

பாட்டு அவ்வாறு கூற, சட்டம் என்ன கூறிற்று? சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஒரு தாயின் மக்கள் என்று இரு மொழியிலும் பாட்டு ஒலித்த அதே 1949 அது! அக்குறையை முற்றாகத் தீர்க்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. நம் வீட்டையும் நாம் பார்க்கவேண்டும். சுதந்திரம் கிடைத்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்பும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்லப் போராட வேண்டியிருந்தது. ஒரு தாயின் மக்களுள் சிலர் தெய்வத்தின் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

நாட்டில் இன்னல்கள் மிகுந்தன. 1952இல் டி. எஸ். சேனாநாயக்கா குதிரையினின்று வீழ்ந்து இறந்தார். 1959இல் பண்டாரநாயக்கா சுடப்பட்டு இறந்தார். காரணம் தேடியவர்களுட் சிலர், கீதத்தின் முதலெழுத்தாகிய 'ந' அமங்கலமானது என்றனர். 1961இல், கவிஞரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, முதற்சொற்கள் மாற்றப்பட்டன. அத்துயரோடு 1962 ஏப்ரலில் சமரக்கோன் மறைந்தார்.

தமிழ் கற்றவர் இதனைக் கேட்டு நகைத்துவிட்டு அகல முடியாது. நம் பாட்டியல் நூல்களும் முதலெழுத்துக்கு அமுதம், நஞ்சு எனப் பொருத்தம் வகுத்தவையே. எழுத்துகளை நால்வருணமாகப் பிரித்துச் சாதி கற்பித்தவையும் அவையே. வேடிக்கை யாதெனின், அந்நூல்களின்படி நகரம் அமுத எழுத்து. ஒரு மரபில் நஞ்சாவது மற்றொரு மரபில் அமுதாகின்றது. எழுத்தில் நஞ்சும் இல்லை, அமுதும் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எழுத்தில் குற்றம் கண்டவர்களைப் போலவே, பின்வந்தோர் மொழியில் குற்றம் கண்டனர். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. அடுத்த ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்ற முனைந்த நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று தொட்டுத் தமிழருட் பலருக்கு அந்நாள் கரிநாளாயிற்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் கீதத்தின் தமிழ் வடிவம் இடம்பெற்றிருந்தும், 2010 டிசம்பரில் அதனைக் கைவிடுவது பற்றி அமைச்சரவையில் பேசப்பட்டது. 1949க்குப் பின்னர் அரச விழாவில் அது மீண்டும் ஒலித்தது 2016இலேயே. 2020இல் மறுபடியும் நிறுத்தப்பட்டது.

தமிழில் பாடினால் நாடு பிளவுறும் என்போர், எழுத்தில் நஞ்சு கண்டவர்களின் வழித்தோன்றல்கள். தமிழில் பாடிவிட்டமையால் நல்லிணக்கம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தோரும் அப்பிழைக்கு அப்பாற்பட்டவரல்லர். 2016இல் நாட்டைத் தாயென்று தமிழில் பாடிய விழாவுக்கு மறு ஆண்டு பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடிக் கிளிநொச்சி வீதியோரத்தில் தாய்மார் அமர்ந்தனர். பாட்டில் வாழ்ந்த தாய்க்குச் சல்யூட் வரிசை இருந்தது. வீதியில் அமர்ந்த தாய்க்கு விடை கிடைக்கவில்லை.

அங்ஙனமாயின் எம்மொழியிற் பாடினால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதுவும் தவறே. தனக்கு விளங்கும் மொழியில் தன் நாட்டைப் பாடுவது குழந்தையின் உரிமை. அதனை எவரும் ஈயவோ பறிக்கவோ கூடாது. விளங்கிப் பாடும் குழந்தைதான் நாளை, பாட்டில் உள்ளது நாட்டில் ஏன் இல்லை என்று கேட்கும். நல்லதம்பிப் புலவரின் பணிக்கு அதனினும் சிறந்த பயன் இல்லை. எழுத்தை மாற்றினார்கள், மொழியை நிறுத்தினார்கள், மீண்டும் சேர்த்தார்கள், மறுபடியும் நிறுத்தினார்கள். மாற்றவேண்டியவை சட்டமும் வாழ்வும். அவை மாறும் நாளில் பெப்ரவரி 4 மக்களின் விழாவாகும். அதுவரை அது அரசாங்கத்தின் விடுமுறை நாளே.